துரிசுக்குப் பக்கத்தில் நண்டு வளை

கல்முனைச் சந்தையைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தபோது என் கையில் ஒரு சாப்பாட்டுக் கரியர் இருந்தது. அது என்னுடையது அல்ல, என் தம்பியின் மாமியாருடையது. ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவளுடைய கையிலிருந்து பறித்துக்கொண்டு வெளியேறியிருந்தேன். மேல் தட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பம், நடுத்தட்டில் மாட்டிறைச்சிக் கறி, அடித்தட்டில் நெய்ச்சோறு. சூடு ஆறவில்லை. நடக்க நடக்கக் கரியர் தொடையில் இடித்தது, இடித்த இடம் சுட்டது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் திறக்கவில்லை. ஒரு வாய் தின்றால் கோபம் பாதி போய்விடும் என்று தெரியும். அது போகக் கூடாது என்றுதான் நடந்தேன்.

ஓட்டோக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான். "என்ன காக்கா, கரியரோட போறீங்க? கலியாண வூடா?"

"மையத்து வூடு," என்றேன்.

அவன் முகம் மாறி "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்தபடி போய்விட்டான். தம்பி உயிரோடுதான் இருந்தான். நான் வெளியேறும்போது அவனுடைய கைவிரல்கள் அசையத் தொடங்கியிருந்தன. ஆனால் அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. அதில் மாமி இருப்பாள், மாமியின் சொல் இருக்கும். மருமகனுக்கு அங்கே மரியாதை உண்டு, உரிமை இல்லை. தம்பி சாய்ந்தமருதில் அப்படி ஒரு வீட்டில் இருந்தான். பெண்சாதி நல்லவள். மாமியும் கெட்டவள் என்று சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

எனக்கென்று வீடு இல்லை, நான் தேடவும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பில் ஹோட்டலில் பீங்கான் கழுவினேன், திருகோணமலையில் வள்ளத்தில் போனேன், பாலைவனத்தில் குழாய் புதைத்தேன். ஒரு இடத்தில் சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கினால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். தம்பி அப்படி இல்லை. அவனுக்கு ஒரு பாய், ஒரு முற்றம், சாயங்காலம் வந்து கழற்றி வைக்க ஒரே இடத்தில் ஒரு செருப்புத் தட்டு வேண்டும். கடல் வந்த வருடம் உம்மாவும் வாப்பாவும் போனபின் எங்கள் வளவில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. மாமி வீட்டிலிருந்து அவனை அனுப்பினால் அவன் போவதற்கு அந்தக் கிணற்றுக் கட்டுத்தான் உண்டு.

அனுப்பத்தான் பார்த்தார்கள்.

தம்பிக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் அவன் மூட்டை சுமக்கிறான். இந்தத் தொழில் செய்பவர்களை நாங்கள் நாட்டாமி என்போம். பகல் முழுக்கச் சுமந்துவிட்டு இரவு வயிறு முட்டச் சோறும் இனிப்பும் தின்று படுத்தால், சில நாட்களில் காலையில் எழும்ப மாட்டான். கண் திறந்திருக்கும், பேச்சு வரும், மூச்சு வரும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. அவன் சுமக்கிற மூட்டை மாதிரியே கிடப்பான். சில மணித்தியாலங்களில் தானாக விட்டுவிடும். மத்தியானம் எழும்பி நடந்து போய்க் கடையில் தேத்தண்ணி குடிப்பான். காலையில் செத்தவன் போலக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மத்தியானம் கடையில் அவனைப் பார்ப்பார்கள். பிறகு கதைக்கு என்ன குறை? சோம்பல் என்றார்கள், நடிப்பு என்றார்கள். யாரோ செய்வினை வைத்தார்கள் என்று ஒரு கூட்டம், களவாகத் தூள் அடிக்கிறான் என்று இன்னொரு கூட்டம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் கண்டுபிடித்தார். சரியான நேரத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அதில் பொற்றாசியம் என்ற உப்பு மிகவும் குறைந்து கிடந்தது. தசையில் உப்பு போய்வர அயன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது, அதில் பிறவியிலேயே பழுது என்றார். அதை ஆங்கிலத்தில் சனல் என்பார்களாம். தம்பி அன்று போன் எடுத்து என்னிடம் சொன்னான்: "காக்கா, எனக்கு சனல் பழுதாம். டீவிக்கு வாற பழுது எனக்கு வந்திரிக்கி." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் அப்போது வளைகுடாவில் ஒரு பெரிய ஆராய்ச்சி வளாகத்தில் இருந்தேன். குழாய் புதைக்கப் போனவனை அங்கே திரவ நைதரசன் தள்ளப் போட்டிருந்தார்கள். என் நெஞ்சளவு உயரமான உலோகக் குடுவை, அடியில் சில்லு. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை காலடிக்கு வழியும். அதைத் தள்ளிக்கொண்டு போய் இலத்திரன் நுணுக்குக்காட்டி இருந்த அறையில் கொடுக்க வேண்டும். நுணுக்குக்காட்டி என்றதும் பள்ளிக்கூடத்தில் மேசையில் வைத்திருப்பார்களே, அந்தச் சின்னக் குழாய் என்று நினைத்திருந்தேன். இது அலுமாரி மாதிரி, கூரை வரைக்கும் உயரம். அது தனியாக ஒரு அறையில் நின்றது. பக்கத்தில் கதவைச் சத்தமாகச் சாத்தினால் படம் கலங்கிவிடும் என்று எங்களை வெறுங்கால் பூனை மாதிரி நடக்க வைத்தார்கள். மனிதர்கள் கும்பலாக ஒரு அறையில் படுத்து மூட்டைப்பூச்சிக் கடியில் கிடந்தோம். அந்த இயந்திரத்துக்கு மட்டும் தூசு இல்லாத அறை, மாறாத குளிர்.

அதில் வேலை செய்தவர்களில் ஒரு பெண் தமிழ்நாட்டுக்காரி. என்னை அண்ணா என்பாள். நரம்பில் உள்ள கால்வாயைத்தான் அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி சனல் என்று சொன்ன அடுத்த நாள் குடுவையை வைத்துவிட்டுக் கேட்டேன்: "டொக்டர், இந்தச் சனலும் என்ட தம்பிக்குப் பழுதான சனலும் ஒண்டா?"

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணு இல்லண்ணா. ஆனா ஒரே குடும்பம். நரம்புல இருக்கறது அக்கான்னா, தசையில இருக்கறது தங்கச்சி."

அன்றைக்கு அவள் காட்டியதை நான் மறக்கவில்லை. சட்டைப் பொத்தானை விடச் சிறிய செப்பு வலை. அதில் ஒரு துளி. அந்தத் துளிக்குள் எண்ண முடியாத கால்வாய்கள். ஒற்றித் துடைத்து, கண் இமைக்கும் முன் கடும் குளிருக்குள் முக்கிவிடுவார்கள். தண்ணீருக்குப் பனிக்கட்டி ஆகக்கூட நேரம் கிடைக்காது. கண்ணாடி மாதிரி அப்படியே உறைந்துவிடும். கால்வாய் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. பிறகு அதன் மேல் இலத்திரன்களைப் பாய்ச்சிப் படம். பலமாகப் பாய்ச்சினால் பார்க்கிற பொருளே எரிந்துபோகும், அதனால் மங்கலாகத்தான் எடுக்க முடியும். முதல் படத்தைக் காட்டினாள். அழுக்குச் சுவர் மாதிரி இருந்தது. "இதுலயா?" என்றேன். "இதுலதான். ஒண்ணுல தெரியாது. ஆயிரக்கணக்குல சேர்த்தா தெரியும்." கணினி அழுக்கின் மேல் அழுக்கை அடுக்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு உருவம் வந்தது. நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி நான்கு இதழ். அந்த இதழ்களில் மின்னை உணரும் ஒரு கம்பு உண்டு. அது நகர்ந்தால் துளை திறக்கும், உப்பு பாயும், நரம்பு பேசும், தசை இழுக்கும். நான் கையைத் தூக்குவது அதனால்தான்.

"உங்க தம்பி மாதிரி ஆளுங்களுக்கு," என்றாள், "நடுக்கதவு சரியாத்தான் மூடும். ஆனா அந்தக் கம்பு பக்கத்துல சின்னதா ஒரு ஓட்டை. அது வழியா ஒழுகிக்கிட்டே இருக்கும். சாதாரண நாள்ல உடம்பு சமாளிச்சிரும். சோறும் சர்க்கரையும் நிறைய உள்ள போனா ரத்தத்துல இருக்கற பொட்டாசியம் தசைக்குள்ள ஓடிரும். அப்ப அந்த ஒழுக்கைச் சமாளிக்க முடியாது. தசை பேச்சைக் கேக்காது."

"மருந்து?"

"பொட்டாசியம் சிரப் குடிக்கணும். அளவா சாப்பிடணும். அந்த ஓட்டையையே அடைக்கற மருந்துக்கு இப்பதாண்ணா படம் பார்க்க ஆரம்பிச்சிருக்கோம்."

அவளில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தில்தான் கோபம். அணுவை எண்ணிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டார்கள், என் தம்பி பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. அவளிடம் கேட்டு அந்தப் படத்தைப் போனில் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நாளில் வழக்கம் போல அந்த வேலையையும் விட்டேன். ஊருக்கு வந்து தம்பியின் மாமி வீட்டில் தங்கினேன், படம் மட்டும் போனில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய இரவு சாப்பாட்டுக்கு மாமியின் மூத்த காக்கா, அவளுடைய அண்ணன், வந்திருந்தார். அவர் வட்டவிதானை. எங்கள் வயல் வட்டைக்கு எந்த நாள் எந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவது, துரிசு என்று நாங்கள் சொல்லும் மதகில் எதைத் திறப்பது என்று தீர்மானிக்கிறவர். தம்பியைப் பற்றிப் பேசத்தான் வந்தார். எல்லோருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் பேச்சுக்கு முன் சோறு. மருமகனை வெளியே அனுப்புகிற பேச்சென்றாலும் முதலில் மருமகனுக்குப் பரிமாறித்தான் தொடங்க வேண்டும். மாமி தன் கையால் போட்டாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, அதற்கு மேல் இறைச்சி, ஓரத்தில் வட்டிலப்பம்.

"காணும் மாமி," என்றான் தம்பி.

"என்ன மனே, என்ட கைச்சோறு கசக்குதா?"

"அவனுக்கு இது கூடாது மாமி," என்றேன் நான்.

"நீங்க தின்னுங்க மனே. இப்பிடி ஆக்கிப் போட ஆள் இல்லாமத்தான் நீங்க கருவாடா காஞ்சி கிடக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாமி சோறு போடும்போது மருமகன் பீங்கானைக் கையால் மறைத்தால் அது சண்டைக்கு அறிவித்தல் கொடுத்த மாதிரி. விதானையார் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி தின்றான். வட்டிலப்பத்தையும் தின்றான். மரியாதை காப்பாற்றத் தின்றான்.

காலையில் சுபஹுத் தொழுகைக்கு அவன் எழும்பவில்லை.

போய்ப் பார்த்தேன். கண்ணால் என்னைப் பார்த்து, "காக்கா, வந்திட்டு," என்றான். மழை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். மாமி அதற்குள் குளுக்கோஸ் மாவைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தம்பியின் பெண்சாதி போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தாள். பொற்றாசியம் பாணி முடிந்திருந்தது. முந்திய நாள் மருந்துக் கடையில் இல்லை என்றிருந்தார்கள்.

"குளுக்கோஸ் குடுக்க வேணாம்," என்று கத்தினேன். "குடுக்கிறண்டா இளநியக் குடுங்க."

"இளநியா? கை கால் விழுந்து கிடக்கிறவனுக்குக் குளிரக் குடுக்கவா? வாதம் மூளைக்கு ஏறட்டும் எண்டா?"

இளநீர் குளிர், வாழைப்பழம் குளிர். கை கால் இழுத்தவனுக்கு இரண்டையும் காட்டவே கூடாது. சூடும் இனிப்பும் கொடுத்துத் தெம்பு ஏற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். வேறு நூறு வருத்தத்துக்கு அது சரியாகவும் இருக்கலாம். என் தம்பியின் வருத்தத்துக்கு மட்டும் அது தலைகீழ். அவனைக் கொல்ல நினைக்கிறவனும் இதைவிடத் திருத்தமாகச் செய்ய மாட்டான். மாமி அன்போடு செய்தாள்.

பாயோடு தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் உடனே இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கக் கம்பி பூட்டினார்கள், பாணி கொடுத்தார்கள். மத்தியானம் லுஹர் நேரம் டொக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். மாமியைக் கூப்பிட்டு, சோறு கொஞ்சமாக, இனிப்பு வேண்டவே வேண்டாம், வாழைப்பழம் சாப்பிடலாம், நெஞ்சுத் துடிப்பு குழம்பினால் ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமி ஒவ்வொன்றுக்கும் "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்," என்றாள். டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். மாமி கட்டிலுக்கடியில் இருந்து கரியரை எடுத்தாள்.

"மாமி!"

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க மனே. வெறும் வயித்தோட கிடந்தா எங்கால தெம்பு வாற? ஒரு துண்டு வட்டிலப்பம். வாய்க்கு ருசிக்கு."

அப்போதுதான் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இதென்ன, பெருநாளைக்குக் கிண்டின தொதல எலி கடிச்சிரிக்கா?"

பக்கத்துக் கட்டில் ஆள் சிரித்தான். விதானையாரும் வந்திருந்தார். அவர் போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். நான் கதவு, துளை, ஓட்டை என்று சொன்னேன்.

"சதைக்குள்ள கதவு," என்றார். "அப்ப டொக்டர் எதுக்கு? ஒரு தச்சாசாரியக் கூப்பிடுவம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மாமா, கதவ வுடுங்க. உங்கட துரிசைக் கதைப்பம். பலகை இறக்கிப் பூட்டி இரிக்கி. சாவி உங்கட மடியில. ஆனா பலகைக்குப் பக்கத்தால கட்டுக்குள்ள நண்டு வளை விழுந்திரிக்கி. என்ன நடக்கும்?"

சிரிப்பு நின்றது. "தண்ணி ஊறும்," என்றார்.

"துரிசு பழுதா?"

"துரிசு நல்லந்தான். பக்கம்தான் பழுது."

"ஆத்துல தண்ணி சமனா நிண்டா?"

"ஊறுறது தெரியா. சமாளிக்கலாம். தண்ணி ஏறி இறங்கக்கதான் கட்டு கரைஞ்சி உடையும்."

"அதுதான் மாமா அவன்ட வருத்தம். அதத்தான் அந்த மெஷின்ல படம் புடிச்சிரிக்காங்க. அவன் நடிக்கல்ல."

அவர் படத்தை மறுபடியும் பார்த்தார். கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தார். போனை என் கையில் தந்தார். "இப்ப விளங்குது மனே," என்றார். "அல்லாட காவல், எனக்கு இப்பதான் விளங்குது."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். தம்பியின் பெண்சாதியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"விளங்கினதாலதான் சொல்றன்," என்றார் விதானையார். குரலில் கோபம் இல்லை. "நடிப்பு எண்டா ரெண்டு ஏச்சு ஏசித் திருத்தலாம். சோம்பல் எண்டா வயலுக்கு இறக்கித் திருத்தலாம். இது திருத்தேலாது எண்டு நீங்களே சொல்றீங்க. நண்டு வளை விழுந்த துரிச நம்பி நான் ஆருக்கும் வெதைக்கச் சொன்னதில்ல. மில் முதலாளி எனக்குக் கோல் எடுத்தார். நாளைக்கும் ஆள் வராட்டி வேற ஆளப் போடுவாராம். அந்த வேலையும் போனா, இவர் இங்க இரிக்கிறதுல என்ன ஞாயம்? வெள்ளிக்கிழம கதைச்சி முடிப்பம்."

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பிப் போகவும் அவனால் முடியவில்லை. அவனுக்கு முன்னால், அவன் கேட்கக் கேட்க. ஒன்றுமே விளங்காத மனிதர் என்றால் நான் மன்னித்திருப்பேன். இவருக்கு விளங்கியது. வட்டையில் அவரளவுக்கு வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. விளங்கியும் அதைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மாமி கரண்டியில் வட்டிலப்பத்தை எடுத்துத் தம்பியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். "ஆ எண்டுங்க மனே."

வெளியே அனுப்பப் போகிறார்கள், ஊட்டியும் விடுகிறார்கள். கரண்டியையும் கரியரையும் பறித்தேன். கரண்டி நிலத்தில் விழுந்து உருண்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. "பறிக்கத்தான் தெரியும்," என்று மாமி பின்னால் கத்தினாள். "ஒரு நேரம் ஆருக்காவது சோறு போட்டிரிக்கீங்களா? ஒரு இடத்தில ஒரு பொழுது நிண்டிரிக்கீங்களா?"

அப்படித்தான் சந்தையைத் தாண்டித் தெற்கே வந்தேன். கல்முனைக்குடி போனது, சாய்ந்தமருது போனது. தம்பி இருந்த வீட்டின் ஒழுங்கையைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தேன். என் துணிப்பை அந்த வீட்டில்தான் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. ஒலுவில் துறைமுகத்தில் வள்ளத்துக்கு ஆள் எடுப்பார்கள். அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். காரைதீவுச் சந்தியில் நின்று தெற்கே போகிற பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பியின் பெண்சாதி.

"மச்சான், இப்ப கையத் தூக்குறார்," என்றாள்.

"சரி புள்ள."

"உம்மா கரியரக் கேக்குறா."

எனக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. "அனுப்புறன் எண்டு சொல்லுங்க."

"வெறுங்கரியர அனுப்பிராதீங்க மச்சான். மறுகா அதுக்கும் ஒரு கதை வரும்."

அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நில் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மில் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டாள். ஒலுவில் பக்கம் போகிற பஸ் வந்தது, நின்றது, கொண்டக்டர் கை காட்டிக் கூப்பிட்டான். நான் ஏறவில்லை. சந்தியில் மேற்கே திரும்பிச் சம்மாந்துறை வீதியில் நடந்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது.

மில்லில் அந்தி நேரம் ஒரு லொறியை ஏற்றி முடித்திருந்தார்கள். நாட்டாமிகள் வெற்றுச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். கரியரை அவர்களுக்கு நடுவில் வைத்துத் திறந்தேன். "தின்னுங்க."

"ஆருட கலியாணம்?"

"தம்பிட மாமி குடுத்தது."

"அந்த மாமியா?" என்றான் ஒருவன், வட்டிலப்பத்தை விரலால் வழித்தபடி. "இப்பிடி ஒரு மாமி கிடைச்சா நானும் விறைச்சிப் போய்க் கிடப்பன்."

அவனை அடிக்க எழும்பினேன். மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். "பகிடிக்கிச் சொன்னான் காக்கா, பகிடிக்கி." ஒருவன் என் வாயில் ஒரு பிடி சோற்றைத் திணித்தான். தின்றேன். நல்ல சோறு.

முதலாளி உள்ளே தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் ஏசத்தான் போனேன். வருத்தக்கார மனிசனின் வேலையைப் பறிப்பது என்ன மனிதத்தனம் என்று கேட்கப் போனேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "மூட்டைக்கு அதெல்லாம் தெரியா தம்பி," என்றார். "விடிஞ்சா ரெண்டு லொறி வரும். தோள் வேணும். ஆர்ட தோள் எண்டு நான் பாக்கிறல்ல."

"என்ட தோள் காணுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே உம்மா வவுத்துப் புள்ளயள்தானே. உங்களுக்கும் அந்த வருத்தம் இரிக்கா?"

"வயிறு நிறையத் தின்டு பாத்தாத்தானே தெரியும்," என்றேன்.

"வாங்க அப்ப. ஆனா அவன்ட இடத்துக்குத்தான். அவன் எழும்பி வந்தா நீங்க போகணும். நீங்க வராத நாள் ரெண்டு பேருக்கும் இடம் இல்ல."

ஒரு இடத்தில் நில் என்று இதுவரை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு மோசமான விலைக்குச் சொன்னதில்லை. ஓம் என்றேன்.

குழாயடியில் கரியரைக் கழுவினேன். நடுத்தட்டு எங்கோ இடித்து நசிந்திருந்தது. வீதியோரக் கடையில் கதலி வாழைப்பழம் வாங்கி மூன்று தட்டிலும் அடுக்கி மூடினேன். தன் பாத்திரத்தில் திரும்பி வந்த உணவை மாமியால் வீச முடியாது. அவள் போட்டதைத் தம்பி தின்ன வேண்டியிருந்ததே, இனி நான் போட்டதை அவள் வைத்திருக்கட்டும். சாய்ந்தமருதுப் பக்கம் போகிற ஓட்டோவில் கொடுத்து, மாமியின் கையில் நேராகக் கொடுக்கச் சொன்னேன். அன்றிரவு உமிக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தேன்.

விடிந்ததும் லொறிகள் வந்தன. நாட்டாமிகளில் மூத்தவன் ஆணியில் தொங்கிய ஒரு தலைச்சாக்கை எடுத்து உதறி என்னிடம் எறிந்தான். அது தம்பியுடையது. அவன் தலை என்னுடையதை விடப் பெரிது. சாக்கு கண் வரைக்கும் இறங்கியது. அதை மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமி.

"வாழப்பழம் அனுப்பி இரிக்கீங்க."

"ஓம் மாமி."

"கை கால் விழுந்த மனிசனுக்கு வாழப்பழம் அனுப்புற ஆள நான் இப்பதான் காணுறன்."

சாக்கை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"ஒண்டு குடுத்தன். ஒண்டுதான். மத்தது குளிர்." பிறகு கேட்டாள்: "எங்க நிக்கிறீங்க? சத்தமா கிடக்கு."

"மில்லுல."

"மில்லுலயா?" அந்தப் பக்கம் அவள் மகளிடம் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. "காக்கா வெள்ளிக்கிழம வாறார். வரட்டும், கதைப்பம். அதுசரி, கரியர்ட நடுத்தட்டு நசிஞ்சி கிடக்கு. ஆரு நசிச்சது?"

"போனக் காதில வெச்சிக் கதைக்காம வா ஓய்!" என்று லொறியின் மேலிருந்து ஒருவன் கத்தினான். போனை மடியில் செருகினேன். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என் முதுகில் வைத்தார்கள். முழங்கால் மடங்கப் பார்த்தது. மடங்கவில்லை. பலகையில் ஏறினேன்.